தீர்ப்பின் தொகை மட்டும் போதாது, அதன் காரணமும் தமிழில் வரவேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக 30 ஆண்டுகளுக்கு மேல் கடமையாற்றி ஓய்வுபெற்று, மட்டக்களப்பு மாவட்டம் பெரியகல்லாற்றில் வசித்துவரும் நான் தங்கள் பத்திரிகையின் நீண்டகால வாசகன். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றிய செய்திகளைத் தாங்கள் தவறாமல் வெளியிட்டு வருவதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அச்செய்திகளில் பெரும்பாலானவை வென்றவர் யார், தோற்றவர் யார், நட்டஈடு எவ்வளவு என்பதோடு முடிந்துவிடுகின்றன. நீதியரசர்கள் என்ன காரணத்தால் அந்த முடிவுக்கு வந்தார்கள், வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மற்றவர்களை அது எப்படிக் கட்டுப்படுத்தும், அதே நிலையில் உள்ள இன்னொருவர் எங்கே, எத்தனை நாட்களுக்குள் போகவேண்டும் என்பவை செய்தியில் இடம்பெறுவதில்லை. இந்தக் குறையால் எங்கள் மக்கள் என்ன இழக்கிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் என் வீட்டு விறாந்தைக்கு வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் மகனின் கிளினிக் கொப்பி, கையால் எழுதிய கடிதம் ஒன்றின் பிரதி, எழுத்து மங்கத் தொடங்கியிருந்த பதிவுத் தபால் பற்றுச்சீட்டு ஆகியவை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. மேசன் வேலைக்குப் போய்வரும் மகனை, வாக்குமூலம் ஒன்று எடுக்கவேண்டும் என்று சொல்லிப் பொலிஸார் கூட்டிச் சென்றிருக்கிறார்கள். இரண்டு இரவுகள் கழித்து அவன் வீடு திரும்பியபோது இடது காது கேட்கவில்லை. தாய் ஊரில் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து மேலிடத்து அலுவலகம் ஒன்றுக்குக் கடிதம் அனுப்பினார். கடிதம் கிடைத்தது என ஒரு வரிப் பதில் வந்தது. அந்தப் பதிலை நம்பி அவர் காத்திருந்தார். பற்றுச்சீட்டில் இருந்த திகதியை வைத்து நான் நாட்களை எண்ணியபோது 94 ஆகியிருந்தது. "பதில் வந்ததுதானே ஐயா, விசாரிப்பாங்க எண்டுதான் இருந்தன்" என்றார். அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு அரசியலமைப்பு தந்திருப்பது ஒரே ஒரு மாதம் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, சட்டம் தாபித்த நடைமுறைக்கு இணங்கவன்றி எவரையும் கைதுசெய்யலாகாது என்றும், கைதுசெய்யப்படுபவருக்கு அதற்கான காரணம் அறிவிக்கப்படவேண்டும் என்றும் கூறுகிறது. 126ஆம் உறுப்புரை, உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும் என்கிறது. எழுத்தில் உள்ளது இவ்வளவுதான். ஆனால் கைது என்றால் என்ன? விலங்கு பூட்டாமல், பொலிஸ் நிலையத்திற்கு வா என்று சொல்லிக் கூட்டிப்போவது கைதாகுமா? அந்த ஒரு மாதம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? இவற்றுக்கு அரசியலமைப்பில் விடையில்லை, தீர்ப்புகளில்தான் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கையில் வெளியான நமசிவாயம் எதிர் குணவர்த்தன வழக்கின் தீர்ப்பில், ஒருவரைப் பொலிஸ் நிலையத்திற்குத் தன்னுடன் வரும்படி உத்தியோகத்தர் பணித்த அந்தக் கணத்திலேயே அவர் சட்டத்தின் கண்ணில் கைதுசெய்யப்பட்டவராகிறார் எனப் பிரதம நீதியரசர் சர்வானந்தா எழுதினார். தடுத்து வைக்கப்பட்டிருப்பவருக்கு, அவர் தடையின்றி நீதிமன்றத்தை நாடக்கூடிய நிலை வந்த பின்னரே அந்த ஒரு மாதத்தைக் கணக்கிடவேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. "சும்மா ஒரு வாக்குமூலத்துக்குத்தான்" என்று மகனை அழைத்துச் செல்லும்போது வாசலில் நிற்கும் தாய்க்கு இதைவிடப் பயன்படும் சட்ட அறிவு வேறென்ன இருக்கமுடியும்? ஆயினும் அந்தத் தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும், சட்டம் படித்தவர்களைத் தவிர வேறெவரும் அதைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

தீர்ப்புகள் உரிமையை விரிப்பது போலச் சுருக்கவும் செய்கின்றன. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, ஒரு மாதத்திற்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்க்கப்படாது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டால் போதும் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். ஆனால் வெறுமனே முறைப்பாட்டைக் கையளித்திருப்பது போதாது, உண்மையிலேயே அங்கு விசாரணை நிலுவையில் இருந்தது எனக் காட்டவேண்டும் என உயர் நீதிமன்றம் பின்னாளில் சில தீர்ப்புகளில் கூறியிருக்கிறது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது அதற்குக் கொடுக்கப்பட்ட பொருள்தான். முறைப்பாட்டுத் துண்டைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு ஆறுதலடைந்திருக்கும் ஒருவருக்கு இந்த மாற்றம் தெரியாவிட்டால், அவருடைய வழக்கு விசாரணைக்கு எடுக்கப்படாமலே முடிந்துவிடும்.

என்னிடம் வந்த தாய்க்கு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோரும் குடியியல் வழக்கு ஒன்றே நான் காட்டக்கூடிய வழியாக இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. கொழும்புக்குப் போகவேண்டியதில்லை என்றதும் அவர் முகத்தில் சிறிது தெளிவு வந்தது. ஆனாலும் 64 நாட்களால் அவர் இழந்தது, தன் மகனின் அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டது என நாட்டின் அதியுயர் நீதிமன்றம் பிரகடனம் செய்யக்கூடிய வாய்ப்பை.

பொலிஸ், கைது என்று வரும்போதுதான் இப்படி என்று வாசகர்கள் எண்ணவேண்டாம். காணி விடயத்திலும் இதே நிலைதான். "பத்து வருசம் இருந்தால் காணி சொந்தம்" என்ற பேச்சு எங்கள் பகுதியில் ஊருக்கு ஊர் உண்டு. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் பத்தாண்டு என்ற கணக்கு இருப்பது உண்மையே. ஆனால் உடன்பிறந்தவர்களுக்குப் பொதுவான வளவில் ஒருவர் மட்டும் இருந்தால், அவர் மற்றவர்களுக்காகவும் இருப்பதாகவே கருதப்படும் என்றும், அவர்களுடைய உரிமையை மறுத்து வெளிப்படையாக ஏதேனும் செய்தாலன்றி அவருடைய ஆட்சி அவர்களுக்கு எதிரானதாகாது என்றும், இலங்கையிலிருந்து போன கொரியா எதிர் அப்புஹாமி வழக்கில், அன்று எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1911ஆம் ஆண்டிலேயே தீர்த்துவிட்டது. நெடுங்காலத் தனி ஆட்சியோடு வேறு சூழ்நிலைகளும் சேர்ந்திருந்தால் அத்தகைய மறுப்பை ஊகிக்கலாம் என 1918ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று அதைச் சற்றுத் தளர்த்தியது. ஒரு நூற்றாண்டு கடந்தும் மட்டக்களப்பு, கல்முனை மாவட்ட நீதிமன்றங்களில் சகோதரர்களுக்கிடையிலான வழக்குகள் இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில்தான் வாதிடப்படுகின்றன. மத்திய கிழக்கு நாடொன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலைசெய்துவிட்டுத் திரும்பிய ஒரு பெண், தாயின் வளவில் தனக்கு இனிப் பங்கில்லை என்று அண்ணன் சொன்னதை அப்படியே நம்பி வாடகை வீட்டில் குடியிருந்ததை நான் அறிவேன். அண்ணனும் பொய் சொல்லவில்லை, பத்து வருடக் கதையை அவரும் நம்பியிருந்தார். இருவரும் அறியாதிருந்தது அவர்கள் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு தீர்ப்பை.

அரச காணியில் பயிர்செய்பவர்களின் நிலை இன்னும் இறுக்கமானது. அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் போரினால் இடம்பெயர்ந்து, பெர்மிட்டைத் தொலைத்து, மீண்டும் வந்து குடியேறியவர்கள் எத்தனையோ பேர். இவர்களில் ஒருவருக்கு 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் மீளப்பெறல் சட்டத்தின் கீழ் வெளியேற்ற அறிவித்தல் வந்தால், நீதவான் முன்னிலையில் அவர் காட்டக்கூடியது வலுவிலுள்ள அனுமதிப்பத்திரம் அல்லது அரசின் வேறு எழுத்துமூல அதிகாரம் ஒன்றை மட்டுமே. வேறெந்தக் காரணத்தையும் அங்கே எழுப்பமுடியாது. ஆகவே அந்த அறிவித்தலே சட்டத்திற்கு மாறானது என்று கூறுவதற்கு எழுத்தாணை மனு, அதாவது நாமெல்லோரும் ரிட் என்று சொல்லும் மனு, தாக்கல் செய்யவேண்டும். மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தினால் மாகாண மேல் நீதிமன்றங்களுக்குக் கிடைத்த எழுத்தாணை அதிகாரத்தைக் கொண்டு இத்தகைய மனுக்களை மாகாணத்திலேயே தாக்கல் செய்யலாம் என்ற நிலைப்பாடு ஒரு காலத்தில் இருந்தது. மத்திய மாகாணத்துத் தோட்டக் காணி ஒன்று பற்றி எழுந்த சோலைமுத்து ராசு வழக்கில் உயர் நீதிமன்றம் 2013 செப்டெம்பர் 26ஆம் திகதி, அரச காணி மாகாண சபையின் அதிகார வரம்புக்கு உட்பட்டதல்ல என்றும், ஆகவே இத்தகைய அறிவித்தலுக்கு எதிராக எழுத்தாணை வழங்கும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றத்திற்கு இல்லை என்றும் தீர்த்தது. கண்டியில் தொடங்கிய ஒரு வழக்கின் முடிவு, அன்றிலிருந்து பொத்துவில் விவசாயியையும் வாகரை விவசாயியையும் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்திற்கு அனுப்புகிறது. அந்தத் தீர்ப்பு சரியா பிழையா என்பதைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறையவே எழுதப்பட்டது. அதிகாரப் பகிர்வு பற்றி எனக்கும் கருத்து உண்டு, அதைச் சொல்ல இது இடமன்று. ஆனால் அறிவித்தல் கையில் கிடைத்தவர் இனி எந்த நீதிமன்றத்திற்குப் போகவேண்டும் என்ற ஒரு வரி அன்று எந்தச் செய்தியிலும் என் கண்ணில் படவில்லை. தவறான நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்து, ஆண்டொன்றை இழந்து, சட்டத்தரணிக்குக் கொடுத்த பணத்தையும் இழந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

இனி, எங்கள் மாவட்டத்தின் ஆறாத காயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். அன்றைய உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் தொடர்பான அடிப்படை உரிமை மனுக்களில் ஏழு நீதியரசர்கள் கொண்ட அமர்வு 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி 100 மில்லியன் ரூபா, முன்னாள் பொலிஸ்மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரும் தலா 75 மில்லியன், பாதுகாப்பு அமைச்சின் முன்னாள் செயலாளர் 50 மில்லியன், தேசிய புலனாய்வின் முன்னாள் தலைவர் 10 மில்லியன் என, அரசு செலுத்தவேண்டிய ஒரு மில்லியனுடன் சேர்த்து மொத்தம் 311 மில்லியன் ரூபா நட்டஈடு விதிக்கப்பட்டது. மறுநாள் தலைப்புச் செய்திகள் எல்லாம் இந்தத் தொகைகளே. அவை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, அத்தொகைகளைத் தமது சொந்தப் பணத்திலிருந்து செலுத்தவேண்டும் என்ற கட்டளை இந்நாட்டில் பெரிய காரியம். ஆயினும் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கும் நாளை இன்னொரு இடத்தில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அத்தீர்ப்பு விட்டுச்செல்வது அதன் காரணத்தை. ஒரு பிரசையின் உரிமையை அரசு உத்தியோகத்தர் கைநீட்டி மீறினால் மட்டுமே மீறல் என்பதில்லை. ஆபத்து வருகிறது என்ற தகவல் கையில் இருந்தும், காக்கவேண்டிய கடமை உள்ளவர் அதைச் செய்யாமல் விட்டாலும் அது சமத்துவ உரிமையின் மீறலே, வழிபாட்டு உரிமையின் மீறலே. ஜனாதிபதிப் பதவியின் விடுபாட்டுரிமை பதவியோடு முடிந்துவிடுகிறது என்பதும் அத்தீர்ப்பில் உறுதியானது. வெள்ளம் பற்றியோ அணைக்கட்டு பற்றியோ அரசாங்க அலுவலகம் ஒன்றுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் அது அலமாரியில் கிடந்தால், அந்தக் கிராமத்தவர் சுட்டிக்காட்டவேண்டிய தீர்ப்பு இதுவே. அவர்களுக்கு இதை யார் சொல்லியிருக்கிறார்கள்?

இந்தத் தீர்ப்பு வானத்திலிருந்து விழவில்லை என்பதையும் வாசகர்கள் அறியவேண்டும். எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் உயிர்வாழும் உரிமை என்று ஒரு தனி உறுப்புரை இல்லை. தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளையின்றி எவரையும் மரணத்தால் தண்டிக்கலாகாது என்ற வாசகத்திலிருந்து அந்த உரிமையை 2003ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கண்டெடுத்தது. காவலில் இறந்துபோன ஒருவரின் மனைவி அவருக்காக மனுத் தாக்கல் செய்யலாம் என ஏற்றுக்கொள்ளப்பட்டதும் அதே வழக்கில்தான். ஒரு விதவை நீதிமன்றப் படியேறியதால் நாட்டிலுள்ள அனைவருக்கும் ஓர் உரிமை கிடைத்தது.

காரணம் எழுதப்படாத கட்டளைகளும் உண்டு. கொவிட் காலத்தில் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயமாக எரிப்பதற்கு எதிரான மனுக்களை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள அனுமதி மறுத்து, 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மை முடிவை அறிவித்தது. காரணம் கூறப்படவில்லை. 2021 பெப்ரவரியில் வர்த்தமானி மாற்றப்பட்டு, மார்ச் 5ஆம் திகதி எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடியில் முதல் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டபோது, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் உறவினர்கள் வந்து தூரத்தில் நின்றார்கள். அதற்கு முன்பே தம் பிள்ளையை, தம் தகப்பனை எரியவிட்ட முஸ்லிம் குடும்பங்கள் இன்றும் கேட்பது, அன்று எங்களுக்கு உரிமை இருந்ததா இல்லையா என்பதைத்தான். அதற்கு விடை சொல்லும் ஒரு பக்கம் அன்று எழுதப்படவில்லை. தீர்ப்பின் காரணம் எவ்வளவு பெறுமதியானது என்பதை நான் முழுமையாக உணர்ந்தது, காரணமே இல்லாத அந்த முடிவைப் படித்த நாளில்.

காரணம் எழுதப்பட்ட தீர்ப்புகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை, பாராளுமன்றம் ஆக்கும் சட்டங்கள் யாவும் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு வெளியிடப்படவேண்டும் என்கிறது. வடக்குக் கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ். சாட்சி தமிழில் சொல்கிறார், தீர்ப்பு தமிழில் வாசிக்கப்படுகிறது. வழக்கு மேன்முறையீட்டில் கொழும்பு சென்றதும் மொழி மாறிவிடுகிறது. தரப்பினருக்கு உரைபெயர்ப்புப் பெறும் உரிமை உண்டு என்பது உண்மை, நான் வாழ்நாள் முழுவதும் செய்த தொழிலே அதுதான். ஆனால் தீர்ப்பு கட்டுப்படுத்துவது தரப்பினரை மட்டுமல்லவே. பாராளுமன்றம் சட்டத்தில் ஒரு சொல்லை மாற்றினால் அது தமிழில் வர்த்தமானியில் வரவேண்டும், நீதிமன்றம் அதே சொல்லின் பொருளை மாற்றினால் தமிழில் எங்கும் வரவேண்டியதில்லை என்ற நிலை நீதியானதா என்று நான் கேட்கிறேன். இந்திய உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டிலிருந்து தன் தீர்ப்புகளில் பலவற்றைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இணையத்தில் வெளியிட்டு வருகிறது. தமிழை அரசகரும மொழியாகவே ஏற்றுக்கொண்ட எங்கள் நாட்டில் இது முடியாத காரியமாக இருக்கமுடியாது. நீதி அமைச்சும் நீதிச்சேவை ஆணைக்குழுவும் குறைந்தபட்சம் அடிப்படை உரிமைத் தீர்ப்புகளையும் காணி தொடர்பான எழுத்தாணைத் தீர்ப்புகளையுமாவது தமிழில் வெளியிட ஏற்பாடு செய்யவேண்டும் என்பதைத் தங்கள் பத்திரிகை தொடர்ந்து வலியுறுத்தவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை தாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாள் அரைப் பக்கம் போதும். அந்த வாரத்தில் வந்த தீர்ப்பு ஒன்றை எடுத்து, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன, நீதியரசர்கள் அதற்கு என்ன காரணம் காட்டினார்கள், மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் இருந்தால் அவர் என்ன சொன்னார், இதே நிலையில் உள்ள வாசகர் எந்த நீதிமன்றத்திற்கு எத்தனை நாட்களுக்குள் போகவேண்டும் என்பவற்றைச் சாதாரணத் தமிழில் தாருங்கள். ஒரு மாதம் என்ற எல்லையை ஒவ்வொரு முறையும் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். அலுப்பாக இருக்கிறதே என்று எவரும் முறையிட மாட்டார்கள். எங்கள் மாவட்டச் சட்டத்தரணிகளில் இதை விருப்போடு எழுதித் தரக்கூடியவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலருடன் நானே பேசியுமிருக்கிறேன்.

என் பங்குக்கு, 2003ஆம் ஆண்டின் அந்த உயிர்வாழும் உரிமைத் தீர்ப்பைத் தமிழாக்கி, இரண்டு பக்கச் சுருக்கத்தையும் சேர்த்து இத்துடன் இணைத்திருக்கிறேன். கைது பற்றிய நமசிவாயம் வழக்கின் தீர்ப்பைத் தமிழாக்கும் வேலை பாதி முடிந்துள்ளது, அடுத்த மாதம் அனுப்பிவைப்பேன். இவற்றுக்கு எந்தக் கொடுப்பனவும் வேண்டாம். வெளியிடும்போது கலைச்சொற்களை மட்டும் மாற்றாமல் விட்டால் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்,
பெரியகல்லாறு.